காற்றைப் படம் பிடித்த எர்ன்ஸ்ட் மாக்



கோயிலில் கற்பூர ஆரத்தி காட்டும்போது கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறீர்களா? ஐயர் தட்டை உயர்த்துகிறார், சுடர் எரிகிறது. சுடருக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், பின்னால் இருக்கும் சுவாமியின் அலங்காரம் நெளிகிற மாதிரி தெரியும். மாலை அசையும். நகை நடுங்கும். மதிய வெயிலில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது தார் ரோட்டுக்கு மேலேயும் அதே நெளிவைப் பார்க்கலாம்.

அங்கே அசைவது சுவாமியும் இல்லை, ரோடும் இல்லை. நடுவில் இருக்கும் காற்றுதான் அசைகிறது. சூடான காற்று லேசாகிவிடும். கனமான காற்றிலிருந்து லேசான காற்றுக்குள் நுழையும்போது ஒளி கொஞ்சம் வளையும். அந்த வளைவுதான் நம் கண்ணுக்கு நெளிவாகத் தெரிகிறது. காற்றை யாரும் பார்க்க முடியாது என்று சின்ன வயதில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது முழுக்கச் சரி இல்லை. பார்க்கும் விதத்தில் பார்த்தால் காற்று தெரியும்.

இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கிக் குண்டு பறக்கும்போது அதைச் சுற்றி இருக்கும் காற்று என்ன பாடுபடுகிறது என்று படம் எடுத்துக் காட்டியவர்தான் எர்ன்ஸ்ட் மாக். ஜெட் விமானம் மாக் 2 வேகத்தில் போகிறது என்று செய்தியில் கேட்கிறோமே, அந்த மாக் இவர்தான். பெயரைத் தெரிந்த அளவுக்கு ஆளை நமக்குத் தெரியாது. அதனால்தான் இந்த இதழில் இவர்.

1838ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் தேதி, அன்றைய ஆஸ்திரியப் பேரரசில் இருந்த மொராவியாவில், புர்னோ நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். இன்றைக்கு அது செக் நாடு. அப்பா படித்தவர், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பிறகு குடும்பம் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக்குக் குடிபோனது. அங்கேதான் சிறுவன் மாக் வளர்ந்தார்.

ஐந்து வயது வாக்கில் ஒரு காற்றாலைக்குள் போய்ப் பார்த்திருக்கிறார். மாவு அரைக்கிற பழைய காலத்துக் காற்றாலை. வெளியே இறக்கை சுற்றுகிறது. உள்ளே பல்சக்கரம் இன்னொரு பல்சக்கரத்தைத் தள்ளுகிறது. அது கல்லைச் சுற்றுகிறது. அதுவரை உலகம் அவருக்கு ஒரு மாயாஜாலம் மாதிரி இருந்தது. ஒன்று இன்னொன்றைத் தள்ளுகிறது, அதனால் மூன்றாவது நகர்கிறது என்பது அன்றைக்குத்தான் மனதில் பதிந்தது. வயதான பிறகும் அந்தக் காற்றாலையை அவர் மறக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கதை வேறு. ஒன்பது பத்து வயதில் கிறிஸ்தவத் துறவிகள் நடத்திய ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். லத்தீனும் கிரேக்கமும் அவருக்கு ஏறவில்லை. இந்தப் பையனுக்குப் படிப்பு வராது, ஏதாவது கைத்தொழில் பழக்கிவிடுங்கள் என்கிற மாதிரி ஆசிரியர்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். நம்ம ஊரில் எத்தனை வீட்டில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறோம்! அப்பா பையனை வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்தார். காலையில் அவரே பாடம் சொல்லிக் கொடுப்பார். மதியத்துக்கு மேல் பண்ணை வேலை. மாக் தானாகவே கேட்டு ஒரு தச்சரிடம் போய் வேலையும் பழகினார். அமெரிக்காவுக்கு ஓடிவிட வேண்டும், அதற்கு ஒரு தொழில் கையில் இருந்தால் நல்லது என்று அவருக்கு ஒரு கணக்கு.

அமெரிக்காவுக்குப் போகவில்லை. ஆனால் அந்தத் தச்சு வேலை வீண் போகவில்லை. பின்னாளில் அவர் செய்த சோதனைக் கருவிகளைப் பார்த்தால், எந்தச் சட்டத்தை எங்கே வைக்க வேண்டும், எது ஆடும், எது ஆடாது என்று கையால் வேலை செய்தவருக்கு மட்டும் தெரிகிற நிதானம் தெரியும்.

பதினைந்து வயதில் மீண்டும் பள்ளிக்குப் போனார். 1855இல் வியன்னா பல்கலைக்கழகம். 1860இல் டாக்டர் பட்டம். அப்போது டாப்ளர் என்பவர் சொன்ன ஒரு கருத்தைப் பற்றி வியன்னாவில் பெரிய சண்டை. சத்தம் போடும் பொருள் நம்மை நோக்கி வந்தால் சுருதி உயரும், விலகிப் போனால் இறங்கும் என்பது அந்தக் கருத்து. ஆம்புலன்ஸ் சைரன் நம்மைத் தாண்டிப் போகும்போது கேட்கிறோமே, அதேதான். அது தப்பு என்று ஒரு பெரிய பேராசிரியர் கணக்குப் போட்டு எதிர்த்துக்கொண்டிருந்தார். இளைஞர் மாக் வாதம் பண்ணவில்லை. ஒரு நீளக் குழாயின் நுனியில் ஊதலைப் பொருத்தி, அதைச் சுற்றவிட்டார். பக்கத்தில் நின்றால் சுருதி ஏறி இறங்குகிறது. சுற்றும் அச்சுக்கு நேராக நின்றால் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவ்வளவுதான். எதையும் கண்ணால், காதால் நிரூபித்துக் காட்ட வேண்டும் என்கிற இந்தப் பிடிவாதம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அதனால் பெரிய வெற்றியும் வந்தது, ஒரு பெரிய தவறும் வந்தது. அந்தத் தவறைப் பிறகு சொல்கிறேன்.

1864இல் கிராஸ் நகரில் பேராசிரியர் ஆனார். 1867இல் லுடோவிக்காவைத் திருமணம் செய்துகொண்டார். அதே வருஷம் பிராக் பல்கலைக்கழகத்தில் சோதனைப் பௌதிகத் துறைக்குப் போனார். அங்கே 28 வருஷம். ஐந்து பிள்ளைகள். நடுவில் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பும் வந்தது. செக் மொழிக்காரர்களுக்கும் ஜெர்மன் மொழிக்காரர்களுக்கும் நடந்த மொழிச் சண்டையில் 1882இல் பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிந்தது. அதில் அவர் பட்ட தலைவலி தனிக் கதை, இங்கே வேண்டாம்.

பிராகில் அவர் மின்பொறியைப் பிடித்துக்கொண்டார். பொறி பட்டென்று வெடிக்கும்போது அதைச் சுற்றி இருக்கும் காற்று நசுங்கி ஓர் அலையாக ஓடும். இதுதான் அதிர்வலை. கண்ணாடித் தட்டில் விளக்குப் புகைக்கரியைப் பூசி, அதன்மேல் பொறியை வெடிக்க வைத்தால், அலைகள் ஒன்றோடு ஒன்று மோதிய இடத்தில் கரி விலகிக் கோலம் போட்ட மாதிரி ஒரு வடிவம் விழும். 1875இல் மாக்கும் அவருடைய மாணவர்களும் அந்தக் கோலத்தைப் படித்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பலமான இரண்டு அலைகள் மோதும்போது சாதாரண ஒலி மாதிரி ஒன்றை ஒன்று கடந்து போவதில்லை. நடுவில் மூன்றாவதாக இன்னும் வலுவான ஓர் அலை முளைக்கிறது. எழுபது வருஷம் கழித்து, அணுகுண்டை எந்த உயரத்தில் வெடிக்க வைத்தால் சேதம் அதிகம் என்று கணக்குப் போட்டவர்கள் இந்த மூன்றாவது அலையைத்தான் கணக்கில் எடுத்தார்கள். அதற்கு மாக்கின் பெயரையே வைத்தார்கள். கண்ணாடித் தட்டில் கரி பூசிக்கொண்டிருந்த மனிதர் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இப்போது குண்டு விஷயத்துக்கு வருவோம்.

1870, 71இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் நடந்தது. பிரெஞ்சு வீரர்களிடம் ஷாஸ்போ என்ற புது ரகத் துப்பாக்கி இருந்தது. அந்தக் குண்டு பட்ட காயங்கள் பயங்கரமாக இருந்தன. குண்டு நுழைந்த ஓட்டை சின்னது. உள்ளே சதை வெடித்துச் சிதறிய மாதிரி பள்ளம். உடலுக்குள் போய் வெடிக்கும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1868இல்தான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டிருந்தன. அப்படியானால் பிரான்ஸ் வாக்குத் தவறிவிட்டதா? தடை செய்த குண்டைச் சுட்டதா? இது ஒரு நாட்டின் மானப் பிரச்சினை.

1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சிக்குப் போயிருந்த மாக், அங்கே மெல்சன்ஸ் என்ற பெல்ஜிய அறிஞரின் உரையைக் கேட்டார். குண்டு வெடிக்கவில்லை, அது தனக்கு முன்னால் ஒரு காற்றுக் கட்டியை நசுக்கித் தள்ளிக்கொண்டு போகிறது, அந்தக் காற்றுதான் உடலுக்குள் புகுந்து வெடிக்கிறது என்பது அவருடைய விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காற்றை யார் பார்த்தது? மாக்கின் மனதில் இந்தக் கேள்விதான். பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார்.

இதற்கு வழி ஏற்கனவே இருந்தது. ஆகஸ்ட் டோப்ளர் என்ற ஜெர்மானியர் 1864 வாக்கில் ஒரு முறையைச் செம்மைப்படுத்தியிருந்தார். ஷ்லீரன் முறை என்று பெயர். ஜெர்மன் மொழியில் கண்ணாடிக்குள் தெரியும் கோடுகளுக்கு அந்தப் பெயர். ஒரு விளக்கின் ஒளியை லென்ஸ் வழியாக ஒரு புள்ளியில் குவிக்க வேண்டும். அந்தப் புள்ளியில் ஒரு கத்தி விளிம்பை வைத்துப் பாதி ஒளியை மறைக்க வேண்டும். நடுவில் காற்று ஒரே சீராக இருந்தால் திரை முழுக்க ஒரே மங்கலாகத் தெரியும். எங்காவது காற்று அடர்ந்தோ லேசாகியோ இருந்தால் அங்கே ஒளி கொஞ்சம் வளையும். ஒரு பக்கம் வளைந்த ஒளி கத்தியில் மாட்டி இருட்டாகும். மறுபக்கம் வளைந்தது கத்தியைத் தாண்டிப் போய் வெளிச்சமாகும். ஆக, காற்றின் அடர்த்தி மாற்றம் கறுப்பு வெள்ளைப் படமாகிவிடும்.

இதை விட எளிமையாக ஒன்றை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இருட்டு அறையில் ஒரு மெழுகுவர்த்தியோ அகல் விளக்கோ ஏற்றி வையுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று கைப்பேசி டார்ச்சை அதன்மேல் அடியுங்கள். பின்னால் வெள்ளைச் சுவரில் சுடருக்கு மேலே புகை மாதிரி ஒன்று நெளிந்து ஏறும். அது புகை இல்லை, சூடான காற்றின் நிழல். (அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், தம்பி. திரைச்சீலை பக்கத்தில் வேண்டாம்.)

ஆனால் சுடர் மெதுவாக ஆடுகிறது. குண்டு? நொடிக்கு 500 மீட்டர் போகும் குண்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது அரை மீட்டர் போய்விடும். படம் இழுபட்ட கோடாகத்தான் வரும். அந்தக் காலக் கேமராவுக்கு எந்த மூடியைப் போட்டாலும் இந்த வேகத்துக்குத் திறந்து மூடாது.

மாக் யோசித்தது வேறு விதமாக. கேமரா மூடி ஏன் வேகமாக இருக்க வேண்டும்? அது பாட்டுக்குத் திறந்தே இருக்கட்டும். அறையை இருட்டாக்கிவிடு. வெளிச்சத்தை வேகமாக்கு. லெய்டன் ஜாடி என்ற பழைய மின்கலனில் சேமித்த மின்சாரம் ஒரு பொறியாகப் பாய்ந்தால் அந்த ஒளி நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நிற்கும். அந்த நேரத்தில் குண்டு அரை மில்லிமீட்டர்தான் நகரும். படம் தெளிவாக விழும்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. பொறி சரியாக எப்போது வெடிக்க வேண்டும்? குண்டு லென்ஸுக்கு முன்னால் வரும் அந்தக் கணத்தில். எந்த மனிதனின் விரலும் அதற்கு உதவாது. அதனால் குண்டையே சுவிட்ச் ஆக்கினார். பாதையில் இரண்டு கம்பிகள். குண்டு வந்து அந்த இடைவெளியை அடைத்ததும் மின்சாரம் பாய்ந்து பொறி வெடிக்கும். குண்டு தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிராகில் வென்ட்ஸெல் என்பவரோடு சேர்ந்து செய்து பார்த்தார். குண்டு படத்தில் விழுந்தது. காற்றில் ஒன்றுமே தெரியவில்லை. வேறு யாராவது இருந்தால், அந்த பெல்ஜியக்காரர் சொன்னது பொய் என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். மாக் காரணத்தைத் தேடினார். அந்தக் குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை விடக் குறைவு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். குண்டு அதைவிட மெதுவாகப் போனால் அது வரும் செய்தி முன்னாலேயே காற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். காற்று ஒதுங்கி வழி விடும். ஒலியை முந்திக்கொண்டு போகும் குண்டு வேண்டும். அதற்கு ராணுவத் துப்பாக்கி வேண்டும், சுடுவதற்கு இடம் வேண்டும்.

1886 தொடக்கத்தில் அவர் ஃபியூமே நகரில் இருந்த கடற்படைக் கல்விக்கழகப் பேராசிரியர் பீட்டர் சால்ஹருக்குக் கடிதம் எழுதினார். இன்று குரோவேஷியாவில் ரியேக்கா என்று சொல்கிறோமே, அதுதான் அந்த ஊர். சால்ஹர் தன் சகப் பேராசிரியர் ரீக்லரோடு சேர்ந்து வேலையில் இறங்கினார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: மாக் அங்கே நிற்கவில்லை. பிராகில் இருந்துகொண்டு கடிதம் மேல் கடிதம் போட்டார். கம்பியை இப்படி வை, லென்ஸை அப்படி மாற்று என்று யோசனைகள் போய்க்கொண்டிருந்தன. துப்பாக்கி வெடித்தது, படத்தைக் கழுவிப் பார்த்தது எல்லாம் சால்ஹரின் கை. வெர்ண்டல் என்ற ஆஸ்திரியத் துப்பாக்கியையும், அதைவிட வேகமான குவெடெஸ் என்ற துப்பாக்கியையும் பயன்படுத்தினார்கள். அந்த ஆண்டிலேயே படம் கிடைத்துவிட்டது.

படம் நம் விரல் நகத்தை விடச் சின்னது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அதில் இருந்தது யாரும் அதுவரை பார்க்காத காட்சி. குண்டின் மூக்குக்குச் சற்று முன்னால் வில் மாதிரி வளைந்த ஒரு கோடு. அது இரண்டு பக்கமும் பின்னோக்கிச் சாய்ந்து ஓடுகிறது, படகு போகும்போது தண்ணீரில் விழும் அலை மாதிரி. குண்டின் வாலிலிருந்து இன்னொரு சாய்ந்த கோடு. அதற்குப் பின்னால், குண்டு போன தடத்தில், சின்னச் சின்னச் சுழல்கள் முத்துமாலை கோத்த மாதிரி வரிசையாக. மாக், சால்ஹர் இருவர் பெயரிலும் 1887இல் வியன்னா அறிவியல் கழக வெளியீட்டில் அது வந்தது.

அந்தக் கோட்டின் சாய்வில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எஸ்பிஎம்மில் திரிகோணமிதி படித்தவர்களுக்கு இது சுலபம். ஒலியின் வேகத்தைக் குண்டின் வேகத்தால் வகுத்தால் வருவது, அந்தக் கோடு குண்டின் பாதையோடு செய்யும் கோணத்தின் சைன். கோணம் 30 பாகை என்றால் சைன் அரை. அப்படியானால் குண்டு ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் போகிறது. வேகம் கூடக்கூடக் கோடு இன்னும் ஒட்டிச் சாய்ந்துகொள்ளும். மணிக்கூண்டும் இல்லை, அளவுகோலும் இல்லை. படத்தில் ஒரு கோணத்தை அளந்தாலே வேகம் தெரிந்துவிடும்.

இன்னொரு பழைய புதிருக்கும் விடை வந்தது. ஷாஸ்போ துப்பாக்கி சுட்டால் எதிரே இருப்பவர்களுக்கு இரண்டு வெடிச்சத்தம் கேட்கும். ஒரு தோட்டாதான், ஏன் இரண்டு சத்தம்? ஒன்று துப்பாக்கி வாயிலிருந்து வருவது. இன்னொன்று குண்டு கூடவே கூட்டிக்கொண்டு வரும் அந்தக் கூம்பு அலை காதைத் தாண்டிப் போகும்போது வருவது. ஜெட் விமானம் ஒலியை முந்தும்போது தரையில் கேட்கும் பூம் என்ற சத்தமும் அதேதான்.

சரி, மெல்சன்ஸ் சொன்ன காற்றுக் கட்டி? படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. குண்டுக்கு முன்னால் நசுங்கிய காற்று இருக்கிறது, ஆனால் அது குண்டோடு ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும் கட்டி இல்லை. அலைதான். ஒவ்வொரு கணமும் புதுக் காற்று நசுங்குகிறது, பழைய காற்று விலகிப் போகிறது. கடல் அலை கரைக்கு வரும்போது அதே தண்ணீர் நடுக்கடலிலிருந்து வருவதில்லையே, அந்த மாதிரி. காயத்துக்கு அந்தக் காற்று காரணம் இல்லை. எதை நிரூபிக்கப் புறப்பட்டாரோ அது தப்பு என்று காட்டிவிட்டு, புறப்படும்போது நினைக்காத ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்.

அதன்பிறகு மூத்த மகன் லுட்விக் அப்பாவோடு சேர்ந்துகொண்டார். மருத்துவம் படிக்கப் போன பையன். கருவிகளில்தான் மனம் போனது. கம்பியே குண்டைச் சுற்றி இருக்கும் காற்றைக் குழப்புகிறது என்பது அவர்களுக்குப் பெரிய குறை. அதனால் கம்பியை எடுத்துவிட்டு ஒரு வேடிக்கையான ஏற்பாடு செய்தார்கள். குண்டின் அலை ஒரு குழாய்க்குள் புகுந்து மறுமுனையில் ஒரு மெழுகுவர்த்திச் சுடரை ஊதும். சுடர் சாய்ந்து மின்முனைகளைத் தொட்டதும் பொறி வெடிக்கும். குழாயின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் பொறி வெடிக்கும் நேரமும் மாறும். எவ்வளவு எளிமை பாருங்கள்! 1891, 92 வாக்கில் லுட்விக் ஒளியை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்க்கும் ஒரு கருவியையும் அமைத்தார். காற்று எங்கே அடர்ந்திருக்கிறது என்பது மட்டும் இல்லை, எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்றும் அதனால் அளக்க முடிந்தது. அதே நேரத்தில் ட்ஸேண்டர் என்று ஒருவரும் தனியாக அதையே செய்திருந்தார். அதனால் இன்றும் அதற்கு இரண்டு பேர் பெயரும் சேர்த்துத்தான்.

வீட்டில் பெரிய இடி ஒன்று விழுந்தது. 1894இல் இன்னொரு மகன் ஹைன்ரிஹ், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய சில நாட்களில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மாக் அதிலிருந்து முழுதாக எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிராகில் இருக்கப் பிடிக்கவில்லை. 1895இல் வியன்னாவுக்குப் போனார், இந்த முறை பௌதிகத்துக்கு இல்லை, அறிவியலின் வரலாறும் தத்துவமும் சொல்லிக்கொடுக்க. 1898இல் ஒரு ரயில் பயணத்தில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கருவிகளைச் செதுக்கிய கை அது. இடக்கையால் தட்டச்சு செய்யப் பழகிக்கொண்டு தொடர்ந்து எழுதினார். 1901இல் வேலையை விட்டார். பிரபுப் பட்டம் கொடுக்க வந்தபோது வேண்டாம் என்றார். நாடாளுமன்ற மேலவை இடத்தை மட்டும் ஏற்றார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலை நேரத்தை ஒன்பது மணி நேரமாகக் குறைக்கும் மசோதாவுக்கு ஓட்டுப் போட, நடக்க முடியாத நிலையிலும் ஆம்புலன்ஸ் வண்டியில் போய் இறங்கினார். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தா பாட்டி வழியில் வந்த நமக்கு, வேலை நேரம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி நான் முன்பு சொன்ன அந்தத் தவறு. கண்ணால், காதால், தொடுவுணர்வால் வருவது மட்டும்தான் நமக்குக் கிடைக்கும் உண்மை. மற்றதெல்லாம் நாம் கணக்குச் சௌகரியத்துக்குக் கட்டிக்கொண்டது என்பது மாக்கின் கொள்கை. அதனால் அணு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்பதை அவர் ஏற்கவில்லை. யாராவது அணுவைப் பற்றிப் பேசினால், அதை நேரில் பார்த்திருக்கிறாயா என்று மடக்குவார். அவருடைய வாழ்நாளிலேயே, 1905க்குப் பிறகு, ஐன்ஸ்டைனின் கணக்கும் பிரெஞ்சு விஞ்ஞானி பெரினின் சோதனையும் அணு இருப்பதை உறுதி செய்துவிட்டன. காற்றைக் கண்ணுக்குக் காட்டிய மனிதர், அந்தக் காற்று எதனால் ஆனது என்பதை நம்ப மறுத்தார். எனக்கு இவர் வாழ்க்கையில் இதுதான் மிகவும் பிடித்த இடம், வருத்தமான இடமும் இதுதான். ஆனால் அதே பிடிவாதம்தான், நியூட்டன் சொன்ன தனி வெளி, தனிக் காலம் என்பதை யார் பார்த்தது என்றும் கேட்க வைத்தது. 1883இல் வந்த அவருடைய இயக்கவியல் நூலைப் படித்துத்தான் இளைஞர் ஐன்ஸ்டைனுக்குத் துணிச்சல் வந்தது. மாக் இறந்தபோது ஐன்ஸ்டைனே அவரைப் பற்றி அஞ்சலிக் கட்டுரை எழுதினார்.

நம் இயக்கத்துப் பிள்ளைகளுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளமையில் ஒரு கோடை நாளில் வெட்டவெளியில் நின்றபோது, தானும் உலகமும் தனித்தனியாக இல்லாமல் எல்லாம் ஒரே உணர்வுத் தொகுதியாக, தன்னிடம் மட்டும் கொஞ்சம் இறுகியதாகத் தெரிந்தது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். நான் என்பது நிலையான ஒன்று இல்லை என்றும் வாதிட்டார். சமய வகுப்பில் அத்வைதம் கேட்டவர்களுக்கு உடனே காது நிமிரும். ஆனால் அவசரப்பட வேண்டாம். நம் உபநிடதங்கள் அந்த நானைத் தாண்டி ஆத்மா ஒன்று இருக்கிறது என்கின்றன. மாக் அங்கே ஒன்றும் இல்லை என்று நிறுத்திவிட்டார். அவருக்குப் பௌத்தத்தின் மேல்தான் அனுதாபம். அதனால் மாக் ஒரு வேதாந்தி என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்படியே அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடாதீர்கள்.

1913இல் மியூனிக் நகருக்குப் பக்கத்தில் லுட்விக் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 1916 பிப்ரவரி 19ஆம் தேதி, 78ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள், காலமானார். ஒலியை விட வேகமாக மனிதன் பறப்பதை அவர் பார்க்கவில்லை. அது 1947 அக்டோபர் 14ஆம் தேதிதான் நடந்தது, அமெரிக்காவின் சக் யேகர் ஓட்டிய எக்ஸ்-1 விமானத்தில்.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் பொறிக்குப் பதில் லேசர். ஒரு துடிப்பு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரமே நிற்கும். லேசர் ஒளியைத் தாள் மாதிரி மெல்லிசாக விரித்து, காற்றோடு நுண்ணிய துகள்களைக் கலந்து, அடுத்தடுத்து இரண்டு துடிப்பு அடிப்பார்கள். இரண்டு படத்துக்கும் நடுவில் எந்தத் துகள் எவ்வளவு நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டால் ஒவ்வோர் இடத்திலும் காற்றின் வேகம் தெரிந்துவிடும். நொடிக்கு லட்சம் முறை துடிக்கும் லேசர்களும், பத்து லட்சம் படம் எடுக்கும் கேமராக்களும் வந்துவிட்டன. ராக்கெட் இன்ஜினுக்குள் தீ எப்படிப் பரவுகிறது, ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் போகும் கலத்தின் மேல் காற்று எங்கே கொதிக்கிறது என்றெல்லாம் இப்படித்தான் பார்க்கிறார்கள். ஷ்லீரன் முறையும் ஓய்வு பெறவில்லை. 2019இல் நாசா வெளியிட்ட படத்தில், ஒலியை முந்திப் பறக்கும் இரண்டு டி-38 விமானங்கள், நடுவில் 30 அடி இடைவெளியில். இரண்டின் அதிர்வலைகளும் வளைந்து ஒன்றோடு ஒன்று கலக்கின்றன. மேலே இன்னொரு விமானத்திலிருந்து எடுத்தது. இணையத்தில் தேடிப் பாருங்கள், பக்கத்தில் 1887 படத்தையும் வைத்துப் பாருங்கள். கோடுகள் அதே கோடுகள்.

ஃபியூமேயில் துப்பாக்கி வைத்துப் படமெடுத்த பீட்டர் சால்ஹர் 1928இல் இறந்தார். வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு மாக் எண் என்று சூரிக் நகரில் யாக்கோப் ஆக்கெரெட் பெயர் வைத்தது 1929இல்.